மைண்டுக்குப் பிரெஞ்சில் எத்தனை சொல்?

கணித மேதை ஜான் நாஷின் வாழ்க்கையை 2001இல் படமாக்கிய ஹாலிவுட், அதற்கு 'எ பியூட்டிஃபுல் மைண்ட்' என்று பெயர் வைத்தது. பிரான்சில் அந்தப் படம் 'அன் ஓம் தெக்ஸெப்ஸ்யோன்' என்ற பெயரில் ஓடியது. 'அபூர்வ மனிதர்' என்று பொருள். படத்துக்கு மூலமான சில்வியா நாஸரின் வாழ்க்கை வரலாற்று நூலோ பிரெஞ்சில் 'அபூர்வ மூளை' ஆயிற்று. ஒரே மைண்ட் ஓரிடத்தில் மனிதராகவும் இன்னோரிடத்தில் மூளையாகவும் மாறிவிட்டது. அழகு இரண்டிலும் காணாமல் போயிற்று.

நேராகச் சொல்லிப் பார்த்திருக்கலாமே என்று தோன்றும். மைண்டுக்கு எந்த ஆங்கில-பிரெஞ்சு அகராதியும் முதலில் தரும் சொல் 'எஸ்ப்ரி'. அதோடு அழகைச் சேர்த்தால் 'பெல் எஸ்ப்ரி'. தொல்லையே அங்கேதான். 17, 18ஆம் நூற்றாண்டுகளில் பாரிஸ் சீமாட்டிகளின் வரவேற்பறைகளில் நறுக்கென்று பேசிப் பெயர் வாங்கியவர்களைத்தான் 'பெல் எஸ்ப்ரி' என்றார்கள். போகப்போக அதில் ஏளனம் ஏறிவிட்டது. மேதாவித்தனம் காட்டும் ஆசாமி என்றே அது இன்று காதில் விழும். மனச்சிதைவு நோயோடு பல ஆண்டு போராடிய கணிதருக்கு அந்தப் பட்டத்தைச் சூட்ட எந்தத் திரைப்பட விநியோகஸ்தர் துணிவார்?

மைண்டுக்குப் பிரெஞ்சில் சரியான சொல்லே இல்லை என்று சொல்வார்கள். என் கணிப்பில் அது தலைகீழான பேச்சு. பிரெஞ்சில் சொற்கள் தேவைக்கு மேல் இருக்கின்றன. அறிவுக்கும் ஆவிக்கும் 'எஸ்ப்ரி', ஆன்மாவுக்கு 'ஆம்', தலைக்குத் 'தேத்', இதயத்துக்குக் 'கெர்', எண்ணத்துக்குப் 'பான்ஸே', நினைவுக்கு 'மெமுவார்', அபிப்பிராயத்துக்கு 'அவி', பகுத்தறிவுக்கு 'ரெஸோன்'. ஒவ்வொன்றுக்கும் தனி இடம் உண்டு. ஒன்று உட்கார்ந்த இடத்தில் மற்றொன்றை உட்கார வைக்க முடியாது. ஆங்கிலேயர் மைண்ட் என்று சொல்லும்போது இவற்றில் எதைச் சொல்கிறோம் என்று யோசிப்பதில்லை, யோசிக்கத் தேவையும் இல்லை. அவர் தீர்மானிக்காமல் விட்டதை மொழிபெயர்ப்பாளர் தீர்மானித்தே ஆக வேண்டும். மொழிபெயர்ப்பாளர் உரையாசிரியராகவும் ஆகிவிடுகிற இடம் இது.

மைண்டுக்குள் இத்தனை பொருள் எப்படிப் புகுந்தது? பழைய ஆங்கிலத்தில் அதன் வேர்ச்சொல்லுக்கு முதற்பொருள் நினைவு. 'ரிமைண்ட்' என்ற வினையில் அந்தப் பழைய பொருள் இன்னும் அப்படியே இருக்கிறது. ஸ்காட்லாந்துக்காரர்கள் 'உனக்கு ஞாபகம் இருக்கிறதா' என்று கேட்க இன்றும் மைண்ட் என்ற வினையையே பயன்படுத்துகிறார்கள். நினைவில் வைப்பது கவனத்தில் வைப்பதாயிற்று. கவனத்தில் வைப்பதிலிருந்து பார்த்துக்கொள்வது வந்தது; குழந்தையைப் பார்த்துக்கொள்வதும் கடையைப் பார்த்துக்கொள்வதும் மைண்ட்தான். ஒரு விஷயம் கவனத்தில் வந்து உறுத்தினால் அது ஆட்சேபம், அதுவும் மைண்ட். இதற்கிடையே நினைவு, எண்ணம், விருப்பம், அபிப்பிராயம் எல்லாம் குடியிருக்கும் இடத்துக்கும் அதுவே பெயராயிற்று.

பிரெஞ்சில் நடந்தது வேறு கதை. லத்தீனில் இதற்கு 'மென்ஸ்' என்ற நல்ல சொல் இருந்தது. இத்தாலியருக்கும் ஸ்பானியருக்கும் அது 'மென்தே' என்று வந்து சேர்ந்தது; அவர்களுடைய மொழிபெயர்ப்பாளர்களுக்கு மைண்ட் என்றால் பாதி வேலை முடிந்த மாதிரி. பிரெஞ்சு மட்டும் அந்தப் பெயர்ச்சொல்லைத் தொலைத்துவிட்டது. அதன் உரிச்சொல்லான 'மாந்தால்' மிஞ்சியிருப்பதால் மனநலம், மனக்கணக்கு என்றெல்லாம் சொல்லிவிட முடிகிறது. மனம் என்று மட்டும் சொல்ல முடிவதில்லை. காலி இடத்தில் வந்து உட்கார்ந்ததுதான் எஸ்ப்ரி. மூச்சு, காற்று என்ற பொருளுடைய லத்தீன் 'ஸ்பிரித்துஸ்' தேவாலயத்தின் வழியாக வந்த பிள்ளை அது. பரிசுத்த ஆவியும் எஸ்ப்ரி, பேயும் எஸ்ப்ரி, சாராயத்தைக் காய்ச்சி இறக்கும் சத்தும் எஸ்ப்ரி, சமயோசிதப் பேச்சும் எஸ்ப்ரி.

தொலைந்துபோன மென்ஸ் உண்மையில் பிரெஞ்சை விட்டு ஓடிவிடவில்லை. வினையடைகளின் வாலில் ஒளிந்துகொண்டிருக்கிறது. 'மெதுவாக' என்பதற்குப் பிரெஞ்சில் 'லாந்த்மான்'. லத்தீனில் 'லெந்தா மென்தே', அதாவது 'மெதுவான மனத்தோடு' என்ற தொடரே தேய்ந்து அப்படி ஆயிற்று. 'மான்' என்று முடியும் ஆயிரக்கணக்கான பிரெஞ்சு வினையடைகளுக்கும் பெரும்பாலும் இதே பிறப்புதான். நாள் முழுக்க அந்தச் சொல்லை உச்சரித்துக்கொண்டே அது தங்களிடம் இருப்பதை அறியாமல் இருக்கிறார்கள். நமக்கும் இதில் ஒரு தூரத்து உறவு உண்டு. லத்தீன் மென்ஸ், ஆங்கில மைண்ட், நாம் மனம் என்றும் மனசு என்றும் எடுத்துக்கொண்ட சமஸ்கிருத மனஸ், எல்லாம் ஒரே இந்தோ-ஐரோப்பிய வேரின் கிளைகள். அப்படியிருந்தும் நாம் 'மைண்ட் வாய்ஸ்' என்கிறோம். அது வேறு ஆராய்ச்சி.

லாந்த்மான் என்றதும் மொழிபெயர்ப்பு ஆய்வாளர்களுக்கு ஒரு சாலைப் பலகை நினைவுக்கு வரும். ழான்-போல் வினே, ழான் தார்பெல்னே இருவரும் 1958இல் ஆங்கிலத்தையும் பிரெஞ்சையும் ஒப்பிட்டு எழுதிய நடையியல் நூல், நியூயார்க்கிலிருந்து மொன்றியாலுக்குக் காரில் போகும் பயணத்தோடு தொடங்குகிறது. எல்லையைத் தாண்டியதும் பலகைகள் பிரெஞ்சுக்கு மாறுகின்றன. 'ஸ்லோ' என்ற ஆங்கில எச்சரிக்கைக்குக் கனடாவில் லாந்த்மான் என்று எழுதியிருக்கிறது. இலக்கணப் பிழை ஏதும் இல்லை. ஆனால் ஆங்கிலமே தெரியாத பிரெஞ்சுக்காரர் அந்த இடத்தில் 'வேகத்தைக் குறைக்கவும்' என்று வினைச்சொல்லால்தான் எழுதியிருப்பார். சொல்லைப் பெயர்ப்பதா, அந்த இடத்தில் அந்த ஊர்க்காரர் என்ன சொல்வாரோ அதைத் தேடுவதா என்ற கேள்வியை அந்த நூல் எழுப்பியது. அன்றாடப் பேச்சில் வரும் மைண்டுக்கு இரண்டாவது வழிதான் கைகொடுக்கும்.

லண்டன் சுரங்க ரயிலில் 1968 முதல் ஒலிக்கும் 'மைண்ட் த கேப்' என்ற எச்சரிக்கையை எடுத்துக்கொள்வோம். வண்டிக்கும் மேடைக்கும் நடுவிலுள்ள இடைவெளியைக் கவனியுங்கள் என்று பொருள். பாரிஸ் மெட்ரோவில் இதே வேலையைச் செய்யும் அறிவிப்பு, இறங்கும்போது படியைக் கவனிக்கச் சொல்கிறது. மைண்ட் போய்க் கவனம் வந்தது சரி, இடைவெளியே படியாகிவிட்டது. லண்டனில் காலுக்கு நடுவே ஒரு பள்ளம், பாரிஸில் காலுக்குக் கீழே ஒரு படி. கால் தவறுவது இரண்டிலும் ஒன்றே.

'ஐ டோண்ட் மைண்ட்' என்பதில் பிரெஞ்சு கற்கும் மாணவர்கள் அடிக்கடி வழுக்கி விழுகிறார்கள். காபியா டீயா என்று கேட்டால் ஆங்கிலேயர் அப்படிச் சொல்வார். பிரெஞ்சில் அங்கே 'சா மெத் எகால்', எனக்கு இரண்டும் சமம். ஜன்னலைத் திறக்கலாமா என்று கேட்டாலும் ஆங்கிலேயர் அதையே சொல்வார். பிரெஞ்சில் இப்போது 'சா ந மெ தெரான்ழ் பா', எனக்குத் தொந்தரவு இல்லை. இரண்டாவது இடத்தில் முதல் பதிலைச் சொன்னால், 'திறந்தால் என்ன, மூடினால் என்ன, எனக்கென்ன' என்று முகத்தைத் திருப்பிக்கொண்டது போல இருக்கும். இலக்கணம் சரியாக இருக்க, மரியாதை கெட்டுப்போகும்.

'நெவர் மைண்ட்' இதைவிடப் பிடிவாதமானது. விருந்தாளி கண்ணாடிக் குவளையைத் தவறவிட்டு உடைத்தால், பரவாயில்லை என்பதற்குப் பிரெஞ்சில் 'இது பெரிய விஷயமில்லை' என்பார்கள். பஸ் போய்விட்டால் 'தான் பீ', போனால் போகட்டும். சொல்ல வந்ததைச் சொல்லாமல் நிறுத்திக்கொண்டால் 'லெஸ் தோம்பே', விட்டுத்தள்ளு. அனுதாபம், அலுப்பு, எரிச்சல் மூன்றையும் ஆங்கிலேயர் இரண்டே சொல்லில், குரலை மட்டும் மாற்றிச் சமாளிக்கிறார். எழுத்தில் குரல் கேட்காது. நாவலை மொழிபெயர்ப்பவர் முன்பின் பக்கங்களைப் புரட்டிப் பாத்திரத்தின் குணத்தை அறிந்துகொண்டுதான் மூன்றில் ஒன்றைத் தேர முடியும். உன் வேலையைப் பார் என்பதற்கு ஆங்கிலத்தில் வரும் மைண்ட், பேச்சுப் பிரெஞ்சில் வெங்காயமாகிவிடுகிறது: உன் வெங்காயத்தைக் கவனி என்று சொல்வது அங்கே வழக்கம்.

முடிவை மாற்றிக்கொள்ளும்போது ஆங்கிலேயர் மாற்றுவது மைண்டை. பிரெஞ்சுக்காரர் மாற்றுவது அவியை, அபிப்பிராயத்தை மட்டும். புத்தி பேதலித்தால் ஆங்கிலேயர் மைண்டுக்கு வெளியே போய்விடுகிறார். பிரெஞ்சுக்காரர் தலையையோ பகுத்தறிவையோ தொலைக்கிறார். கண்ணில் படாதது மைண்டிலும் இல்லை என்பது ஆங்கிலப் பழமொழி. கண்ணுக்குத் தூரம் இதயத்துக்கும் தூரம் என்பது பிரெஞ்சுப் பழமொழி. முதல் பார்வையில் ஆங்கிலேயர் மறதியைப் பேசுவதாகவும் பிரெஞ்சுக்காரர் காதலைப் பேசுவதாகவும் தோன்றும். ஆனால் மனப்பாடம் செய்வதைப் பிரெஞ்சில் 'இதயத்தால் கற்பது' என்பார்கள். நினைவுக்கு அங்கே இதயமும் ஒரு வீடு. ஆகவே இரண்டு பழமொழிகளும் வெளியே தெரிவதைவிட நெருக்கமானவை.

எல்லா இடத்திலும் இப்படி மல்லுக்கட்ட வேண்டியதில்லை. மன அமைதி, மனநிலை, சமயோசிதம் இவற்றுக்கெல்லாம் ஆங்கிலத்தில் மைண்ட் வரும் இடத்தில் பிரெஞ்சில் எஸ்ப்ரி கச்சிதமாக உட்காரும். சட்டத்திலும் அப்படியே. உயில் எழுதுபவர் தெளிந்த மைண்டோடு இருக்க வேண்டும் என்கிறது ஆங்கில வழக்கு. கொடை அளிப்பவரும் உயில் எழுதுபவரும் தெளிந்த எஸ்ப்ரியோடு இருக்க வேண்டும் என்கிறது பிரெஞ்சு உரிமையியல் சட்டத்தின் 901ஆம் பிரிவு.

தத்துவத்துக்கு வந்தால்தான் ஆட்டம் சூடுபிடிக்கிறது. அங்கே ஒரு சொல்லைத் தேர்வது ஒரு கட்சியில் சேர்வதைப் போல.

தெகார்த் தன் 'தியானங்க'ளை 1641இல் லத்தீனில் வெளியிட்டார். அதில் மென்ஸ் என்பது கலைச்சொல். லுயின் பிரபு செய்த பிரெஞ்சு மொழிபெயர்ப்பு 1647இல் தெகார்த்தின் ஒப்புதலோடு வந்தது. இரண்டாம் தியானத்தின் தலைப்பில் மென்ஸ் எஸ்ப்ரி ஆகியிருக்கிறது. ஆறாம் தியானத்தின் தலைப்பில் அதே மென்ஸ் ஆம், அதாவது ஆன்மா. ஆசிரியர் கண்முன்னாலேயே ஒரு சொல் இரண்டாகப் பிளந்தது. அவர் அதற்கு மறுப்புச் சொல்லவில்லை. நவீன ஐரோப்பாவின் மனம்-உடல் விவாதம் தொடங்கும் இடத்திலேயே பிரெஞ்சுக்காரர்களிடம் மனத்துக்கு ஒரே பெயர் இல்லை.

அரை நூற்றாண்டு கழித்து ஜான் லாக்கின் மொழிபெயர்ப்பாளர் பியேர் கோஸ்ட் இதே இடத்துக்கு வந்து சேர்ந்தார். 1668இல் தென்பிரான்சின் யூஸே நகரில் பிறந்த புராட்டஸ்டண்டுக்காரர். மதத்துன்புறுத்தலால் நாடுவிட்டுப் போனவர். 1697 முதல் எஸெக்ஸ் மாவட்டத்தில் ஓட்ஸ் என்ற இடத்திலிருந்த மாஷம் குடும்பத்தின் மாளிகையில் பிள்ளைக்குப் பாடம் சொல்லித் தரும் வேலையில் இருந்தார். லாக்கும் அதே வீட்டில்தான் தங்கியிருந்தார். மொழிபெயர்ப்பாளருக்குச் சந்தேகம் வந்தால் நூலாசிரியரை எழுந்து போய்க் கேட்கலாம்! இப்படி ஒரு வாய்ப்பு எத்தனை பேருக்குக் கிடைக்கும்? மனித அறிவைப் பற்றிய லாக்கின் பெருநூல் 1700இல் ஆம்ஸ்டர்டாமில் பிரெஞ்சில் வெளியானது.

கோஸ்ட் அதிகம் பாடுபட்டது தன்னுணர்வைக் குறிக்கும் ஆங்கிலச் சொல்லோடு. பிரெஞ்சில் அதற்கு அருகில் இருந்தது 'கோன்ஸியான்ஸ்'. ஆனால் அது அன்று பெரும்பாலும் மனச்சாட்சியையே குறித்தது. கோஸ்ட் அதன் நடுவே ஒரு சிறு கோடு போட்டு இரண்டாகப் பிரித்து எழுதி, அதைப் புதுப்பொருளில் ஆள்வதாக நீண்ட அடிக்குறிப்புச் சேர்த்தார். ஒரு சிறு கோட்டிலிருந்து பிரெஞ்சுத் தத்துவத்தின் மையச் சொல் ஒன்று எப்படி எழுந்தது என்பதை தத்துவ அறிஞர் எத்தியேன் பலிபார் 1998இல் தனி நூலாகவே எழுதியிருக்கிறார்.

மைண்டுக்கு இந்த மரியாதை கிடைக்கவில்லை. அடிக்குறிப்பு வேண்டாத எளிய சொல் என்று கோஸ்டுக்குத் தோன்றியிருக்க வேண்டும். இடத்துக்குத் தக்கபடி சில சமயம் எஸ்ப்ரி, சில சமயம் ஆம். பிறக்கும்போது மைண்ட் எழுத்தே இல்லாத வெள்ளைத்தாள் என்று லாக் சொல்லும் புகழ்பெற்ற வாக்கியத்தில் கோஸ்ட் இரண்டு மாற்றம் செய்தார். வெள்ளைத்தாளை லத்தீன் மரபுப்படி துடைத்த பலகையாக்கினார், மைண்டை ஆன்மாவாக்கினார். முதல் மாற்றம் ஊரறிந்தது. இரண்டாவதுதான் கனமானது என்பேன். மைண்ட் காலியாகப் பிறக்கிறது என்றால் குழந்தை வளர்ப்பைப் பற்றிய செய்திபோல இருக்கும். கடவுள் தந்த, அழிவில்லாத ஆன்மா காலியாகப் பிறக்கிறது என்றால் பாதிரியார் நாற்காலியிலிருந்து எழுந்துவிடுவார். லாக்கைப் பிரெஞ்சில் படித்து, பிரெஞ்சிலேயே மறுப்பு எழுதிய லைப்னிட்ஸ், ஆன்மா வெற்றுப் பலகையா என்று கேட்டுத்தான் வாதத்தைத் தொடங்குகிறார். 1704 வாக்கில் எழுதப்பட்ட அந்த நூல் 1765இல்தான் அச்சேறியது. லாக் மூட்டாத சண்டையையும் கோஸ்டின் சொல் கொஞ்சம் மூட்டிவிட்டது.

எதிர்த்திசையிலும் இதே குழப்பம். மொன்தெஸ்கியூவின் சட்டங்களைப் பற்றிய நூல் 1748இலும் எல்வேசியுஸின் நூல் 1758இலும் வந்தன. இரண்டின் பிரெஞ்சுத் தலைப்பும் எஸ்ப்ரியோடுதான் தொடங்குகிறது. ஆங்கிலத்தில் முதலாவது 'ஸ்பிரிட்' ஆனது. இரண்டாவது 1759இல் லண்டனில் வந்தபோது பிரெஞ்சுத் தலைப்பை அப்படியே வைத்துவிட்டு, பக்கத்தில் மைண்டையும் அதன் ஆற்றல்களையும் பற்றிய கட்டுரைகள் என்று விளக்கம் சேர்த்தார்கள். அதே ஆண்டு பாரிஸில் நீதிமன்ற ஆணைப்படி அந்த நூலை எரித்துக்கொண்டிருந்தார்கள். பெயரை மாற்றாமல் விட்டதற்கு அந்தப் பரபரப்பும் காரணமாக இருக்கலாம். ஜெர்மன் தத்துவ அறிஞர் ஹெகலின் 'கைஸ்ட்' என்ற சொல் விஷயத்தில் பிரெஞ்சுக்கு யோகம். ஆங்கிலத்தில் 1910இல் மைண்ட் என்றும் 1977இல் ஸ்பிரிட் என்றும் இரண்டு மொழிபெயர்ப்பாளர்கள் இரண்டு பக்கம் இழுத்தார்கள். பிரெஞ்சில் எஸ்ப்ரி இரண்டையும் விழுங்கிவிட்டு அமைதியாக இருந்தது.

அந்த யோகம் ஆங்கிலத் தத்துவ அறிஞர் கில்பர்ட் ரைலிடம் பலிக்கவில்லை. ரைல் 1949இல் எழுதிய மைண்டைப் பற்றிய நூல் 1978இல் 'லா நோஸ்யோன் தெஸ்ப்ரி' என்று பிரெஞ்சில் வந்தது. உடலுக்குள் மனம் என்று தனிப்பொருள் ஒன்று ஒளிந்திருப்பதாக நம்புவது, இயந்திரத்துக்குள் பேய் இருப்பதாக நம்புவதற்குச் சமம் என்று ரைல் கிண்டல் செய்தார். கிண்டலின் சுவையே மைண்டும் பேயும் ஆங்கிலத்தில் வெவ்வேறு என்பதில் இருக்கிறது. பிரெஞ்சில் எஸ்ப்ரி பிறவியிலேயே பாதிப் பேய். அங்கே ரைலின் நையாண்டி, எல்லாருக்கும் தெரிந்ததைத் திரும்பச் சொல்வதுபோல ஆகிவிடும் ஆபத்து உண்டு. அதனால் பேய்க்கு வேறு சொல்லைத் தேட வேண்டியிருக்கிறது. இன்னொரு நஷ்டமும் உண்டு. மைண்ட் என்ற பெயரை மைண்ட் என்ற வினையோடு வைத்துப் பார்க்கச் சொல்வது ரைலின் வாதப்போக்கு. மனம் ஒரு பண்டமல்ல, கவனித்துச் செய்யும் விதம் என்பது அவர் கட்சி. எஸ்ப்ரிக்கு அப்படி ஒரு வினை இல்லை. நூலின் கீல் கழன்றுவிடுகிறது. இயந்திரத்துப் பேயைத் தலைப்பாகவே எடுத்துக்கொண்ட ஆர்தர் கோஸ்ட்லரின் நூலுக்குப் பிரெஞ்சுப் பதிப்பாளர்கள் 1968இல் வைத்த பெயர் 'ரயில் இஞ்சினுக்குள் குதிரை'. பேயை ஓட்டிவிட்டுக் குதிரையைக் கட்டினார்கள்! அந்தத் துணிச்சல் எனக்குப் பிடித்திருக்கிறது.

பார்பரா கசான் 2004இல் தொகுத்து வெளியிட்ட ஐரோப்பியத் தத்துவச் சொற்களின் அகராதி, 'மொழிபெயர்க்க முடியாதவற்றின் அகராதி' என்று தன்னை அழைத்துக்கொள்கிறது. மைண்ட் என்பதும் கைஸ்ட் என்பதும் எஸ்ப்ரி என்பதும் ஒன்றுதானா என்ற கேள்வி அதன் முன்னுரையில் தொடக்கத்திலேயே வருகிறது. மொழிபெயர்க்க முடியாதது என்பதற்குக் கசான் தரும் விளக்கம், திரும்பத் திரும்ப மொழிபெயர்த்துக்கொண்டே இருக்க வேண்டியது என்பது. தத்துவத் துறையில் இன்று மைண்டுக்கு எஸ்ப்ரி என்று ஒப்புக்கொண்டுவிட்டார்கள். 'மைண்டின் தத்துவம்' என்ற துறைக்கே பிரெஞ்சில் அதுதான் பெயர். இது ஒரு வசதிக்கான ஒப்பந்தம். கலைச்சொல்லாக வரும் இடத்தில் ஒரே சொல்லைப் பிடித்துக்கொள்வது நல்லது. ஆனால் அன்றாடப் பேச்சிலிருந்து தத்துவம் செய்யும் ரைல் போன்றவரிடம் அந்த ஒழுங்கு கெடுதல் செய்கிறது. அங்கே இடத்துக்கு ஒரு சொல் என்று மாற்றி, மாற்றியதை அடிக்குறிப்பில் ஒப்புக்கொள்வதே நாணயம். கோஸ்ட் தன்னுணர்வுச் சொல்லுக்குக் காட்டிய அக்கறையை மைண்டுக்கும் காட்டியிருக்கலாம்.

பிரெஞ்சுக்காரர்கள் இந்தக் குறையைத் தாங்களே உணர்ந்தார்களோ என்னவோ, 19ஆம் நூற்றாண்டில் ஆங்கிலத்திலிருந்து 'மாந்தாலித்தே' என்ற சொல்லை வாங்கிக்கொண்டார்கள். அந்தப் புதுமோஸ்தர் சொல்லைப் புரூஸ்த் தன் நாவலில் ஒரு பிரபுவின் வாயில் போட்டுக் கேலி செய்திருக்கிறார். பின்னர் பிரெஞ்சு வரலாற்றாசிரியர்கள் மக்களின் மனப்போக்கு வரலாறு என்று ஒரு துறையையே அதன் பெயரில் வளர்த்தார்கள். இன்று ஆங்கில வரலாற்றாசிரியர்கள் அதைப் பிரெஞ்சு எழுத்துக்கூட்டலோடு திரும்ப வாங்கிக்கொண்டிருக்கிறார்கள்.

தவறான இடத்தில் மைண்டைக் கொண்டுவந்து வைத்தால் என்ன ஆகும் என்பதற்கு மானிடவியலாளர் க்ளோத் லெவி-ஸ்த்ரோஸின் 1962ஆம் ஆண்டு நூலே சாட்சி. தலைப்பு 'லா பான்ஸே ஸோவாஜ்'. பான்ஸே என்றால் சிந்தனை. பான்ஸி என்று நாம் சொல்லும் பூவுக்கும் அதே பெயர். இரண்டையும் சேர்த்து நினைக்கட்டும் என்று அட்டையிலேயே காட்டுப் பான்ஸிப் பூவை அச்சிட்டிருந்தார்கள். பழக்கப்படுத்தப்படாத சிந்தனை எல்லா மனிதரிடமும் உண்டு என்பதே நூலின் வாதம். 1966இல் வந்த ஆங்கில மொழிபெயர்ப்பு அதைக் 'காட்டுமிராண்டி மைண்ட்' என்று பொருள்படும் தலைப்பாக்கியது. சிந்தனை என்பது ஒரு செயல். மைண்ட் என்பது ஒருவரிடம் இருக்கும் உடைமை. எல்லாரும் செய்யக்கூடிய செயல், சிலரிடம் மட்டும் உள்ள உறுப்பாக மாறிவிட்டது. ஆசிரியர் எந்த எண்ணத்தை எதிர்த்து எழுதினாரோ அதையே தலைப்பு அறிவித்துக்கொண்டு நின்றது. சிகாகோ பல்கலைக்கழகப் பதிப்பகம் 2021இல் புதிய மொழிபெயர்ப்பை வெளியிட்டபோது 'வைல்ட் தாட்' என்று பெயரை மாற்றியது. தலைப்பிலிருந்து மைண்ட் நீங்க 55 ஆண்டுகள் ஆயின.